சனிக்கிழமை இறங்கு... இத்தாலியைச் சுற்று!

ஹாஸ்டல் ரூமில் நாலு பேர் உட்கார்ந்து 'யூரோப் ட்ரிப்' என்று பேச்சை எடுத்தால் போதும்... முதல் பத்து நிமிஷத்தில் எட்டு நாடு லிஸ்ட்டில் ஏறிவிடும். பாரிஸ்ல ஒரு நாள், ஸ்விஸ்ல ரெண்டு நாள், போற வழியில வியன்னா, ப்ராக்... 'எல்லாம் பக்கத்துல பக்கத்துலதான் மச்சான் இருக்கு!' என்று ஒருத்தன் மேப்பில் விரலை ஓட்டுவான். விரல் ஓடுகிற வேகத்தில் ரயில் ஓடாதே! வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் சேர்த்த காசு, மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கின லீவு... இரண்டையும் கொண்டுபோய் ஏர்போர்ட் க்யூவிலும் ஹோட்டல் ரிசப்ஷனிலும் கொட்டிவிட்டு வருவது கொடுமை பாஸ்!

அதனால் இந்த வாரம் நம்ம சாய்ஸ் ஒரே ஒரு நாடு. இத்தாலி... மூணு வாரம். மேப்பில் பூட்ஸ் மாதிரி இருக்குமே, அதேதான். மேலே மிலானில் இறங்குகிறோம், அப்படியே கால் வழியாக நழுவி, பூட்ஸ் உதைக்கிற பந்து மாதிரி கிடக்கும் சிசிலித் தீவில் முடிக்கிறோம். வந்த வழியே திரும்புகிற வேலையே கிடையாது. மிலானில் இறங்கி மிலானிலேயே ஃப்ளைட் ஏறுவதாக டிக்கெட் போட்டால், கடைசியில் ஒரு நாள் முழுக்க வடக்கே திரும்புவதற்கே செத்துப்போகும். ஃப்ளைட் தேடும்போது 'ரிட்டர்ன்' என்பதை விட்டுவிட்டு 'மல்டி சிட்டி' என்று ஒரு ஆப்ஷன் இருக்கும் பாருங்கள், அதை அமுக்குங்கள். ஒரு ஊருக்குப் போய் இன்னொரு ஊரில் இருந்து திரும்புவதற்குப் பல சமயம் பெரிய வித்தியாசம் இருக்காது.

'இத்தாலின்னா பதினாலு ஊராவது பார்க்க வேணாமா?' என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1817-ல் ஸ்டெந்தால் என்ற ஃபிரெஞ்சு எழுத்தாளர் ஃபிளாரன்ஸ் வந்தார். சாந்தா குரோச்சே சர்ச்சில் மைக்கலாஞ்சலோ, கலிலியோ கல்லறைகள், சுவரெல்லாம் ஓவியம்... பார்த்துவிட்டு வெளியே வந்தவருக்கு நெஞ்சு படபடத்து, நடந்தால் விழுந்துவிடுவோமோ என்று ஆகிவிட்டதாம். இந்த மாதிரி டூரிஸ்ட்டுகளுக்கு வரும் மயக்கத்துக்குப் பின்னாளில் 'ஸ்டெந்தால் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மருத்துவ உலகம் இதை ஒரு தனி நோயாக ஏற்றுக்கொண்டதா என்பது வேறு விஷயம். ஆனால் ஒரே நாளில் மூணு மியூசியம் பார்த்த எவருக்கும் அந்தத் தலைசுற்றல் புரியும்!

இப்போ கணக்குக்கு வருவோம். ஊர் மாறுகிற ஒவ்வொரு நாளும் பாதி நாள் காலி. காலை பத்து, பதினோரு மணிக்கு ரூமைக் காலி பண்ணணும், ஸ்டேஷன் போகணும், ரயில், மறுபடி ஸ்டேஷன், அடுத்த ரூம் மதியம் ரெண்டு மூணு மணிக்குத்தான் தருவான். 20 இரவுகளில் பதினாலு ஊர் என்றால் 13 தடவை மூட்டை கட்டணும். ஆறரை நாள் அம்பேல்! ஏழு ஊர் என்றால் ஆறு தடவைதான். மூணு நாளோடு போச்சு. மிச்சமாகும் மூன்றரை நாள்தான் நீங்கள் உண்மையில் ஊர் பார்க்கிற நாள்.

அடுத்து, பலர் யோசிக்காமல் கோட்டை விடுகிற விஷயம் கிழமை. இத்தாலியில் நிறைய மியூசியங்களுக்குத் திங்கள்கிழமை லீவு. ஃபிளாரன்ஸில் உஃபிசி மூடியிருக்கும், டேவிட் சிலை நிற்கிற அக்காடெமியா மூடியிருக்கும், மிலானில் டாவின்சியின் 'கடைசி விருந்து' மூடியிருக்கும், ரோமில் போர்கேசே கேலரி மூடியிருக்கும். வாட்டிகன் மியூசியத்துக்கோ, மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் லீவு. நேப்பிள்ஸ் தொல்பொருள் மியூசியம் செவ்வாயில் லீவு விடும். தலை சுத்துதா? சிம்பிள் வழி இருக்கு. சனிக்கிழமை மிலானில் இறங்குங்கள். மிச்சம் எல்லாம் தானாக உட்கார்ந்துகொள்ளும். எப்படின்னு பாருங்க...

சனி, ஞாயிறு ரெண்டு ராத்திரி மிலான். ஞாயிற்றுக்கிழமை 'கடைசி விருந்து'. ஒரு மடத்தின் சாப்பாட்டுக்கூடச் சுவரில் 1490-களில் வரைந்த படம் அது. 1943-ல் குண்டு விழுந்து கட்டடம் சிதைந்தும் அந்தச் சுவர் தப்பியது. சின்னச் சின்ன குரூப்பாக உள்ளே விட்டு, சரியாகப் பதினைந்து நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். டிக்கெட்டை சில மாதங்களுக்கு முன்பே கொத்தாக விடுவார்கள், சுடச்சுட தீர்ந்தும் போகும். இதற்கு மட்டும் அலாரம் வைத்துக் காத்திருக்கணும்.

திங்கள்... மியூசியம் லீவு. நாம் ரயிலில்! மிலான்-வெனிஸ் பாதையில் பாதி வழியில் கார்தா ஏரிக்கரை ஊரான டெசன்சானோவில் ஒரு ராத்திரி. கைடு புத்தகத்தைப் பார்த்தால் இங்கே ஏரியைத்தான் சொல்வான். நமக்கு இன்னொரு காரணம் இருக்கு. பக்கத்தில் பஸ்ஸில் போய்விடும் தூரத்தில் காஸ்திலியோனே டெல்லே ஸ்திவியேரே என்று ஒரு சின்ன ஊர். 1680-ல் அங்கே பிறந்த ஒரு பையன் கடல் தாண்டி வந்து, தமிழ் படித்து, 'தேம்பாவணி' எழுதி, 'சதுரகராதி' தொகுத்து, மெரினாவில் சிலையாகவே நின்றுவிட்டார். ஆமாம்... நம்ம வீரமாமுனிவர், அங்கே கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1859-ல் பக்கத்து சோல்ஃபெரினோவில் நடந்த போரில் காயம்பட்டவர்களை இந்த ஊர் மக்கள் கவனித்துக்கொண்டதைப் பார்த்துத்தான் ஆன்ரி துய்னானுக்கு செஞ்சிலுவைச் சங்க ஐடியாவே வந்தது. அதற்கு ஒரு மியூசியமும் உண்டு. செவ்வாய் காலை போய்விட்டு மதியம் ரயில் பிடிக்கலாம்.

செவ்வாய், புதன் ராத்திரிகள் வெனிஸ். 'பகல்ல பார்த்துட்டு கிளம்பிடலாமே' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பகல் கூட்டம் சாயங்காலம் ரயில் ஏறிய பிறகு, விளக்கு வெளிச்சத்தில் சந்து சந்தாக நடப்பதுதான் வெனிஸ். இன்னொன்று, 2024-ல் இருந்து கூட்டம் அதிகமாகும் சில நாட்களில் பகல் மட்டும் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். ராத்திரி தங்குபவர்களுக்கு அது கிடையாது, ஆனால் முன்கூட்டியே பதிவு செய்து விலக்குக் கோடு வாங்கிக்கொள்ளணும். தீவுக்குள் ரூம் வாடகை எகிறும். பாலத்துக்கு இந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் தங்கினால் பாதி கஷ்டம் குறையும், பத்து நிமிஷ ரயில்தான். ஒரு எச்சரிக்கை: வெனிஸில் நானூறுக்கும் மேல் பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டோடு. பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் முதல் நாளே அழுகை வரும். முதுகில் மாட்டுகிற பை ஒன்று, அவ்வளவுதான்.

வியாழன் முதல் ஞாயிறு வரை நாலு ராத்திரி ஃபிளாரன்ஸ். அங்கேயே மூட்டையை வைத்துவிட்டு பீசா (ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்), சியன்னா என்று போய் வரலாம். சாய்ந்த கோபுரத்துக்காக பீசாவில் ராத்திரி தங்குவது வேஸ்ட். அடுத்த திங்கள் உஃபிசி லீவு... நாம் ரோமுக்கு ரயிலில்! ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவான். திங்கள் முதல் வெள்ளி வரை அஞ்சு ராத்திரி ரோம். வார நாள் என்பதால் வாட்டிகன் ஞாயிறு லீவுப் பிரச்னையே இல்லை. புதன் காலை மட்டும் வாட்டிகன் பக்கம் வேணாம், போப் ஆண்டவரைப் பார்க்க வரும் கூட்டம் சதுக்கத்தை அடைத்துவிடும். கொலோசியம் டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கையில் இருக்கணும்.

சனிக்கிழமை நேப்பிள்ஸ், மூணு ராத்திரி. ஞாயிறு தொல்பொருள் மியூசியம், திங்கள் பொம்பேய். கி.பி. 79-ல் வெசுவியஸ் கக்கின சாம்பலில் புதைந்த ஊர், திங்கள்கிழமையும் திறந்திருக்கும். 2024 நவம்பரில் இருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் என்று கணக்கு வைத்துவிட்டார்கள், அதனால் இதற்கும் முன்கூட்டியே டிக்கெட். மியூசியம் லீவு விடும் செவ்வாயன்று நாம் சிசிலிக்குக் கிளம்பிவிடுவோம். பார்த்தீங்களா... ஒரு லீவு நாளிலும் மாட்டவில்லை!

சரி, இந்த பிளானை விசா ஆபீஸர் நம்பணுமே? ஷெங்கன் விசாவுக்கு நீங்கள் கொடுக்கும் பயணத் திட்டமும், ரூம் புக்கிங்கும், பேங்க் பேலன்ஸும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகணும். எட்டு நாடு சுற்றுபவனுக்கு எந்த நாட்டில் அதிக நாள் என்று கண்டுபிடித்து அங்கே அப்ளை பண்ணும் தலைவலி. நமக்கு இத்தாலி மட்டும்தான், முடிந்தது கதை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து அப்ளை பண்ணலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாகணும். கடைசி வரை காத்திருந்து டென்ஷன் ஆகாதீர்கள். 2024 ஜூனில் கட்டணத்தை 90 யூரோ ஆக்கினார்கள். விசா கிடைக்காவிட்டால் அது திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவு தாங்கும் இன்ஷூரன்ஸும் கட்டாயம்.

அதனால் காசு கட்டும் வரிசை முக்கியம். முதலில் கேன்சல் பண்ணினால் பணம் திரும்பும் ரூம்களை மட்டும் போடுங்கள். மலிவான அதிவேக ரயில் டிக்கெட்டைப் பார்த்ததும் கை பரபரக்கும். அந்த விலை டிக்கெட்டை மாற்றவும் முடியாது, திருப்பவும் முடியாது. பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டின அன்று ராத்திரி உட்கார்ந்து ரயில் டிக்கெட் போடுங்கள். கொலோசியம் டிக்கெட்டை எப்படியும் சுமார் ஒரு மாதத்துக்கு முன்புதான் விடுவார்கள், அவசரமே இல்லை. 'கடைசி விருந்து' மட்டும் விதிவிலக்கு... போனால் போகட்டும் என்று விசாவுக்கு முன்பே வாங்கலாம்.

காலேஜ் ஐ.டி. கார்டு பற்றி ஒரு கசப்பான உண்மை. அரசு மியூசியங்களில் 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு இரண்டு யூரோ டிக்கெட் என்று போர்டு இருக்கும். அது ஐரோப்பிய யூனியன் குடிமக்களுக்குத்தான். நாம் முழு டிக்கெட்! மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், ஆனால் கூட்டம் பிதுங்கும். மிச்சப்படுத்த வேறு வழிகள் இருக்கு. காபியை நின்றபடியே குடித்தால் ஒரு விலை, டேபிளில் உட்கார்ந்தால் வேறு விலை. பில்லில் 'கொப்பெர்தோ' என்று இருந்தால் பயப்படாதீர்கள், டேபிளில் உட்கார்ந்ததற்கான சார்ஜ் அது. ரோம் தெருக்களில் எந்நேரமும் கொட்டும் குழாய்த் தண்ணீர் குடிக்கிற தண்ணீர்தான், பாட்டிலை நிரப்பிக்கலாம். சுத்த சைவம் என்றாலும் மார்கரித்தா பீட்சாவும் தக்காளி பாஸ்தாவும் காப்பாற்றிவிடும். ஊருக்கு ஊர் ராத்திரிக்கு இவ்வளவு என்று டூரிஸ்ட் வரி உண்டு, பெரும்பாலும் ரூமில் தனியாகக் கேட்பார்கள்.

லோக்கல் ரயிலில் பேப்பர் டிக்கெட் வாங்கினால் பிளாட்ஃபாரம் மெஷினில் குத்தி முத்திரை போட்ட பிறகே ஏறணும். இல்லாவிட்டால் டிக்கெட் கையில் இருந்தும் ஃபைன். ஸ்டேஷன் போர்டில் 'ஷோப்பெரோ' என்று பார்த்தால்... ஸ்ட்ரைக்! முன்கூட்டியே தேதி அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை முக்கியமான லோக்கல் ரயில்களை ஓட்டியாகணும் என்பது விதி. கிளம்பும் முன் ஒரு தடவை தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம்? ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர். ஆகஸ்ட்டில் வெயில் வறுக்கும், 15-ம் தேதி பண்டிகையையொட்டி உள்ளூர்க் கடைகள் பலவும் ஷட்டர் இறக்கிவிடும்.

கடைசியாக அந்த செவ்வாய்க்கிழமை. நேப்பிள்ஸில் இருந்து கட்டானியாவுக்கு ஃப்ளைட் ஒரு மணி நேரம்தான், ஆனாலும் பகல் ரயிலில் போங்கள். வில்லா சான் ஜோவான்னியில் தரை முடிந்துவிடும், ரயில் முடியாது. பெட்டிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, அப்படியே கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுவார்கள். நீங்கள் இறங்கி மேல்தளத்துக்குப் போய் காற்று வாங்கலாம். எதிரே சிசிலி. மெசினாவில் மறுபடி தண்டவாளம், மறுபடி ரயில். இங்கே பாலம் கட்டப்போகிறோம் என்ற பேச்சு ரொம்ப வருஷமா ஓடுது. அது எழும்புவதற்குள் ஒரு தடவை கப்பலில் ரயில் ஏறிவிடுங்கள்!

கட்டானியாவில் மூணு ராத்திரி. ஒரு நாள் எட்னா எரிமலை, 3,300 மீட்டருக்கு மேல், இன்னும் புகைந்துகொண்டிருப்பது. ஒரு நாள் ஆர்க்கிமிடிஸ் பிறந்த சிராகூசா. அங்கே கதீட்ரல் சுவருக்குள் இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் பழைய கிரேக்கக் கோயில் தூண்கள் அப்படியே நிற்கின்றன. வெள்ளிக்கிழமை ஃப்ளைட். எட்னா சாம்பல் கக்கினால் கட்டானியா ஏர்போர்ட்டை மூடுவதும் உண்டு. அதனால் கட்டானியாவில் இருந்து சென்னை வரை ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். தனித்தனியாகப் போட்டு முதல் ஃப்ளைட் ரத்தானால், அடுத்த ஃப்ளைட்காரன் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டான்.