பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் குறிமணி

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் பெருவழியில், ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வடக்கே, காளங்கி ஆற்றங்கரையில் அமைந்த ஊர் சூளூர்பேட்டை. 1953-ஆம் ஆண்டுவரை அது சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, வடக்கே நேலப்பட்டுப் பறவைகளின் உறைவிடம். முற்காலத்தில் குளிர்காலம் வந்ததும் நீர்ப்பறவைகளை நாடித் துப்பாக்கியுடன் இப்பக்கம் வந்தவர்கள் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது; 1976-இல் ஏரியும் நேலப்பட்டும் சரணாலயங்களாயின. இன்று விளையாட்டு வேட்டைக்கு இடமில்லை. ஆயினும், பாட்டனாரிடமிருந்து பேரனுக்கு உரிமத்தோடு வந்த பழைய துப்பாக்கிகள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன.

அவ்வாறான ஒன்று என் பெரியப்பாவின் வீட்டில் இருந்தது; பர்மிங்காமில் செய்யப்பட்ட 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சமமான குண்டுகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்றின் குறுக்களவு எதுவோ அதுவே 12 போர் குழலின் உள்ளளவு, ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். ஒருநாள் உறையிலிருந்து எடுக்கும்போது அதன் நுனியிலிருந்த சிறு பித்தளை மணி உதிர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘பீட்’ எனப்படும் அதனைக் குறிமணி என்போம். பயற்றம்பருப்பு அளவுகூட இராத இம்மணியை மாற்றுவது அற்ப வேலையன்றோ என்று தோன்றும். அந்த எண்ணமே பின்னர் பெருஞ்சேதத்திற்குக் காரணமாயிற்று.

முதலில் மணியின் பயனை அறிவோம். ரைபிளுக்கு முன்குறியும் பின்குறியும் உண்டு. ரவை சிதறிச் செல்லும் துப்பாக்கிக்கோ பின்குறி கிடையாது; சுடுபவரின் கண்ணே பின்குறி. கட்டையில் கன்னம் பதியும் இடம் மாறினால் குறியும் மாறும். அவர் பார்க்க வேண்டுவது இலக்கையே; மணி பார்வையின் ஓரத்தில் தோன்றினால் போதும். ஆகையால் பெரிதாகப் பளபளக்கும் மணி நன்மை செய்யாது. அது கண்ணைத் தன்பால் இழுத்துவிடும். உயரமும் முக்கியம். கண்ணுக்கும் மணிக்கும் இடையே ஒரு மீட்டர் தூரம் என்று கொள்வோம். பழைய மணியைவிடப் புதியது 1 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால், 36 மீட்டர் தொலைவில் ரவைக்கூட்டம் சுமார் 36 மில்லிமீட்டர் தாழ்ந்து விழும். எனவே பழைய மணியின் அளவிலேயே புதியதும் அமைய வேண்டும்.

இனி, மணி எதில் பதிந்திருக்கிறது? இரட்டைக்குழலில், இரு குழல்களுக்கும் மேலே நீளவாக்கில் ஓடும் ‘ரிப்’ என்னும் பட்டையில் பதிந்திருக்கும். ஒற்றைக்குழலில் பெரும்பாலும் குழலின் சுவரிலேயே பதிந்திருக்கும். நுனியில் அச்சுவரின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே. திருகின் அடி உள்ளே துருத்தி நின்றால், பாய்ந்து வரும் ரவை அதில் மோதும். துளையை ஆழமாகப் போட்டாலோ குழலே பழுதாகும்.

வேலையின் முறை இது. துப்பாக்கியைத் திறந்து, இரு குழல்களிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். பின்னர் குழல்களைக் கட்டையிலிருந்து பிரித்தெடுத்து, மரத்துண்டோ தோலோ வைத்த வைஸில் மென்மையாகப் பிடிக்க வேண்டும். உப்புக்காற்று வீசும் ஏரிக்கரை ஊர்களில், ஒடிந்த மணியின் அடி துருவோடு இறுகிப் போயிருக்கும். அதற்குத் துரு இளக்கும் எண்ணெய் ஒரு துளியிட்டு ஓரிரவு விட்டு, மறுநாள் கூர்முனையால் மெல்லத் திருப்பி எடுக்கலாம். அதற்கும் இணங்காவிடில், துளையைவிடச் சிறிய துளைப்பானால், ஆழத்திற்குத் தடை வைத்து, சிறிது சிறிதாகக் குடைந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது மரையை அளத்தல். இக்கால மணிகள் பல 2.6 அல்லது 3 மில்லிமீட்டர் மரையில் வருகின்றன. அமெரிக்க மணிகள் அங்குலக் கணக்கில் வருகின்றன. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளிலோ ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை இருந்தது. மரையின்றி இறுக்கிப் பொருத்தியவையும் உண்டு. கிடைத்த மணிக்கேற்பத் துளையைப் பெரிதாக்குவது தவறு. துளைக்கேற்ப மணியைக் கடைந்து செய்வதே சரி. சில பழைய மணிகள் தந்தத்தால் ஆனவை. தந்த வாணிகம் இன்று தடைசெய்யப்பட்டிருப்பதால், பித்தளையோ வெண்ணிறப் பிளாஸ்டிக்கோ கொள்வதே முறை. திருகின் மிகுதியை அரத்தால் தேய்த்துக் குறைத்து, மரையில் பிடிப்புப் பசை ஒரு துளியிட்டு, தோல் சுற்றிய குறட்டால் அளவோடு இறுக்கினால் வேலை முடிந்தது.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யலாகாது. அங்கே நெருப்பைக் காட்டக்கூடாது. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் ‘ரிப்’ பட்டை வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றினால் குழல்களோடு ஒட்டப்பட்டிருக்கிறது. அப்பற்று 200 டிகிரி செல்சியஸுக்குச் சற்று அப்பாற்பட்ட வெப்பத்திலேயே இளகிவிடும். என் பெரியப்பா செய்தது இதுதான். சாலையோரப் பட்டறை ஒன்றில் கொடுத்து, ஊதுவிளக்கால் மணியைப் பற்றவைத்து வாங்கி வந்தார். மணி நன்றாகவே நின்றது. ஆனால் குழல்களைக் கயிற்றில் தொங்கவிட்டு விரலால் தட்டியபோது, வெண்கல மணிபோல் ஒலிக்க வேண்டியவை உடைந்த பானைபோல் ஒலித்தன. பட்டை கழன்றுவிட்டதற்கு அதுவே அடையாளம். கழன்ற இடத்தில் ஈரம் புகும். கண்ணுக்குத் தெரியாமல் துரு குழலை அரிக்கும்.

சட்டமும் ஒன்று உண்டு. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, துப்பாக்கியைத் தொழிலாகப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. உரிமமில்லாத பட்டறையில் கொடுப்பது கொடுத்தவரையும் சிக்கலில் மாட்டிவிடும். எனவே நேயர்கள் மேற்கூறிய முறையை அறிந்துகொள்வது, தாமே செய்வதற்காக அன்று. உரிமம் பெற்றவரிடம் சரியான கேள்விகளைக் கேட்பதற்காக. மரையை அளந்தீரா? நெருப்பு வைப்பீரா? திருகின் அடி உள்ளே துருத்துகிறதா? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கூறுபவரிடமே குழலைக் கொடுக்க வேண்டும்.

பெரியப்பா பின்னர் உரிமம் பெற்ற ஒருவரிடம் காட்டினார். பட்டையை மீண்டும் பதிக்கலாம், ஆனால் செலவு மிகும், அதுவரை சுடவே கூடாது என்று அவர் கூறிவிட்டார். எண்பதை எட்டிய பெரியப்பா சிலநாள் யோசித்தார். பின்பு துப்பாக்கியையும் உரிமத்தையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, இரசீது பெற்று வந்தார். உதிர்ந்த பழைய பித்தளை மணி மட்டும் அவர் மேசை இழுப்பறையில், ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது.