பத்து அறைக்கு ஒரு தேநீர்க் கூடம்

வெளிநாட்டில் படித்துத் திரும்பி, 1917இல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. சாதியை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார்.

அங்கிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் அகமதாபாத். அங்குள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தின் மாணவர் விடுதிகளை 1960களில் வடிவமைத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான். எல்லாம் செங்கல். நீண்ட நடைவழி இல்லை. பத்துப் பத்து அறைகள். நடுவில் மாடிப்படியும் தேநீர்க் கூடமும். பக்கத்து அறைக்காரரைப் பார்க்காமல் போக முடியாது. 18 விடுதிகளில் 14ஐ இடிக்க 2020 டிசம்பரில் முடிவானபோது எழுந்த எதிர்ப்பால், அடுத்த மாதமே அது கைவிடப்பட்டது.

செங்கல் சாதியை ஒழிக்காது, நமக்குத் தெரியும். ஆனால், நம் பிள்ளைகளுக்கு நாலு சுவர் போதுமா? ஆதிதிராவிடர் நல விடுதிக்கு வரைபடம் போடும்போதே, தனியே படிக்க ஓரிடமும் கூடிப்பேச ஓரிடமும் கேட்போம்.