நம்பர் எடுத்தலும் சூதும்: சிக்கல்நிலைச் சூதாட்டத்தை இனங்காணல்

முன்னுரை

சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்த செமினி, முன்னாளில் இரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த சிறு பட்டணமாகும். அத்தோட்டங்களுள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்து வாழ்க்கையின் அடையாளங்கள் ஒவ்வொன்றாக மறைந்துவரும் இச்சூழலிலும் மறையாது நிற்கும் வழக்கங்களுள் ஒன்று ‘நம்பர் எடுத்தல்’. புதன், சனி, ஞாயிறு ஆகிய நாள்களில் நடைபெறும் குலுக்கலுக்கு நான்கு இலக்க எண் ஒன்றைத் தெரிந்து பணங்கட்டுவதையே நம்மவர் இவ்வாறு குறிப்பிடுகின்றனர். இவ்வழக்கம் செமினிக்கு மட்டும் உரியதன்று. காஜாங், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் எனத் தமிழர் வாழும் இடங்களிலெல்லாம் காணப்படுவதே.

நம்பர் எடுப்பவர் அனைவரும் சூதுக்கு அடிமைப்பட்டவர் அல்லர். சிறு தொகையோடு நிறுத்திக்கொள்பவரே பெரும்பாலோர். எனினும், பொழுதுபோக்காகத் தொடங்கியது எந்த நிலையில் நோயாகிறது என்பதைக் குடும்பத்தார் பல வேளைகளில் காலந்தாழ்ந்தே உணர்கின்றனர். இழந்த தொகையை மட்டுமே கொண்டு அந்நிலையை அளப்பது இதற்கு முதன்மையான காரணம் எனலாம். தொகையைவிட நடத்தையே உண்மையான அடையாளம் என்பதையும், அவ்வடையாளங்கள் திருக்குறளின் சூது அதிகாரத்திலேயே சுட்டப்பட்டுள்ளன என்பதையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் மறைக்கும் பொருள்

‘சூதாடுகிறீர்களா?’ என்று வினவினால் இல்லை என்று மறுப்பவர், ‘நம்பர் எடுப்பதுண்டா?’ என்று வினவினால் தயங்காது ஒப்புக்கொள்வார். சூது என்னும் சொல் இழிவுப்பொருள் தாங்கி நிற்க, நம்பர் என்னும் சொல் அன்றாட வழக்கில் கலந்து அவ்விழிவிலிருந்து விலகிவிட்டது. கடையில் காய்கறி எடுப்பதுபோல் நம்பரும் எடுக்கப்படுகிறது. பரிசு விழுந்தால் நம்பர் ‘அடிக்கிறது’. பணத்தை இழப்பதைக் குறிக்க மட்டும் இவ்வழக்கில் தனிச்சொல் இல்லை.

நிறுவனங்கள் சூட்டிய பெயர்களும் இத்தகையனவே. 1990ஆம் ஆண்டு வரை மலேசியாவில் அரசு சார்பில் நடத்தப்பட்ட குலுக்கல், ‘சமூகநல லாட்டரி’ என்றே வழங்கப்பட்டது. தமிழகத்தில் 1968ஆம் ஆண்டு அரசே தொடங்கிய திட்டத்திற்குப் ‘பரிசுச்சீட்டு’ என்று பெயர். ஏழைக் குடும்பங்களின் சீரழிவு பெரும் பேச்சாகிய பின்னர், 2003ஆம் ஆண்டு அங்கு லாட்டரி விற்பனை முற்றாகத் தடைசெய்யப்பட்டது. மலேசியாவில் 1969ஆம் ஆண்டில் மெக்னம் நிறுவனம் நான்கு இலக்கக் குலுக்கலை நடத்த உரிமம் பெற்றது. அதே ஆண்டில் அரசால் தொடங்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் டோட்டோ 1985இல் தனியார் மயமானது. சட்டத்தின் ஒப்புதல் பெற்ற ஒன்றைச் சூது என்று கருத மக்கள் மனம் எளிதில் இசைவதில்லை. ஒரு செயலின் பெயர் மென்மையாகும்போது அதன் தீமையை இனங்காண்பதும் அரிதாகிறது.

குலுக்கலின் கணக்கு

0000 முதல் 9999 வரை 10,000 எண்கள் உள்ளன. ஒவ்வொரு குலுக்கலிலும் முதல் மூன்று பரிசுகள், 10 சிறப்புப் பரிசுகள், 10 ஆறுதல் பரிசுகள் என 23 எண்கள் தேர்வாகின்றன. ‘பெரியது’ எனப்படும் பந்தயத்தில் 1 ரிங்கிட் கட்டினால் முதல் மூன்று பரிசுகளுக்கு முறையே 2,500, 1,000, 500 ரிங்கிட் கிடைக்கும். சிறப்புப் பரிசுக்கு 180, ஆறுதல் பரிசுக்கு 60 ரிங்கிட். ஒருவர் 10,000 எண்களுக்கும் ஒவ்வொரு ரிங்கிட் கட்டுவதாகக் கொள்வோம். செலவு 10,000 ரிங்கிட். எல்லாப் பரிசுகளையும் அவரே பெற்றாலும் கூட்டுத்தொகை 6,400 ரிங்கிட்டே. அதாவது, கட்டும் ஒவ்வொரு ரிங்கிட்டிலும் சராசரியாகத் திரும்புவது 64 சென். முதல் மூன்று பரிசுகளுக்கு மட்டும் உரிய ‘சிறியது’ பந்தயத்தில் அது 65 சென்.

இதனைக் குடும்பக் கணக்காக மாற்றிப் பார்ப்பது பயனுடையது. குலுக்கலுக்கு 10 ரிங்கிட் வீதம் வாரம் மூன்று முறை கட்டுபவர் ஆண்டுக்கு 1,560 ரிங்கிட் செலவிடுகிறார்; அதில் சராசரி இழப்பு ஏறத்தாழ 560 ரிங்கிட். ஒரே எண்ணைக் குலுக்கல் தவறாமல் எடுப்பவருக்கு முதற்பரிசு விழுவது சராசரியாக 64 ஆண்டுகளுக்கு ஒருமுறையே. பொழுதுபோக்கின் விலையாக இத்தொகையைக் கொடுக்க இயன்றவர் கொடுக்கலாம். வருமானத்தைப் பெருக்கும் வழியாக இதனைக் கருதுவதே பிழையாகும்.

‘ஒரு நம்பரில் தவறியது’

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் நம்பிக்கை தளராதது ஏன்? முதற்பரிசு எண் 4587 எனக் கொள்வோம். அவ்வெண்ணில் ஓர் இலக்கம் மட்டும் மாறிய எண்கள் 36 உள்ளன. அதே இலக்கங்கள் இடம் மாறிய எண்கள் 23 உள்ளன. ஆகவே வென்ற எண் ஒன்றாயின், ‘நூலிழையில் தவறிய’ எண்கள் 59. வெற்றியைவிடக் கிட்டத்தட்ட வெற்றி என்னும் உணர்வே ஆடுபவருக்கு மிகுதியாக வாய்க்கிறது. 4578 எடுத்தவர் தோற்றவராகத் தம்மைக் கருதுவதில்லை. அடுத்த முறை பிடித்துவிடலாம் என்றே கருதுகிறார். இத்தகைய நூலிழைத் தோல்விகள், வெற்றியின்போது இயங்கும் மூளைப் பகுதிகளையே தூண்டுவதையும் மேலும் ஆடும் விருப்பத்தை வளர்ப்பதையும் 2009ஆம் ஆண்டு வெளிவந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வொன்று காட்டியது.

கனவில் கண்டது, விபத்துக்குள்ளான வண்டியின் பதிவெண், சாமியாடி சொன்ன எண் என்பனவும் இந்நம்பிக்கைக்கு உரமூட்டுகின்றன. எவ்வழியில் தெரிந்தெடுத்தாலும் ஓர் எண்ணுக்குரிய வாய்ப்பு 10,000இல் ஒன்றே. சென்ற வாரம் விழாத எண் இவ்வாரம் விழ வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. குலுக்கலுக்கு நினைவு கிடையாது.

நோயின் அடையாளங்கள்

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980ஆம் ஆண்டிலேயே கட்டுமீறிய சூதாட்டத்தை உளநோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2013ஆம் ஆண்டு வெளியான அதன் ஐந்தாம் பதிப்பு, அதனை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் வைத்தது. அப்பதிப்பு கூறும் அடையாளங்கள் ஒன்பது: அதே கிளர்ச்சிக்காகத் தொகையை உயர்த்திக்கொண்டே போதல்; குறைக்க முயன்றால் அமைதியிழத்தல்; நிறுத்த முயன்று பலமுறை தோற்றல்; எந்நேரமும் அதே சிந்தனை; மனத்துயரின்போது ஆட்டத்தை நாடுதல்; இழந்ததை மீட்க மறுநாளே திரும்புதல்; பொய் கூறி மறைத்தல்; உறவையோ வேலையையோ கல்வியையோ இழக்கும் நிலைக்கு ஆளாதல்; கடன்தீர்க்கப் பிறர் கையை எதிர்பார்த்தல். பன்னிரண்டு மாதங்களுக்குள் இவற்றுள் நான்கேனும் காணப்படின் அது நோய்நிலை. இவற்றுள் எதுவும் ‘இவ்வளவு தொகை இழந்தால்’ என்று கூறவில்லை என்பது நோக்கத்தக்கது.

இனி, திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தை நோக்குவோம். அதன் முதற்குறள் தோல்வியைப் பற்றிப் பேசவில்லை. வெற்றியைப் பற்றியே பேசுகிறது. சூதில் வரும் வெற்றி, மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடப்படுகிறது. தொடக்கத்தில் கிடைக்கும் வெற்றியே பலரைச் சிக்கவைக்கிறது என்பது இதனால் விளங்கும். எட்டாம் குறள், பொருளைக் கெடுப்பதோடு சூது பொய்யையும் மேற்கொள்ளச் செய்யும் என்கிறது. ஒன்பதாம் குறள் சூதாடியை வந்தடையாதவற்றுள் கல்வியையும் சேர்த்துரைக்கிறது. இறுதிக் குறள், இழக்க இழக்கச் சூதின்மேல் காதல் வளர்வதை உரைக்கிறது. இன்றைய மருத்துவம் ‘இழப்பைத் துரத்தல்’ என்று கூறுவதும் இதனையே. மேலும், இவ்வதிகாரம் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே அமைந்துள்ளது. வள்ளுவர் மருத்துவ நூல் எழுதினார் என்பது இதன் பொருளன்று. மனித நடத்தையை உற்றுநோக்கிய இரு மரபுகள் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்பதே நாம் கூற விழைவது. தருமன் செல்வத்தில் தொடங்கி நாடு, தம்பியர், தான், மனைவி எனப் பணயத்தை உயர்த்திச் சென்றதும் இவ்விழப்பைத் துரத்தலே அன்றோ?

பொறுப்புடன் ஆடுதல்

ஆடத்தான் வேண்டும் என்போர் சில வரையறைகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளல் தகும். வீட்டு வாடகை, உணவு, பள்ளிச் செலவு, கூட்டுப்பணம் ஆகியவற்றை ஒதுக்கிய பின் எஞ்சுவதில் ஒரு சிறு தொகையை மாதவரம்பாகக் கொள்ள வேண்டும். அவ்வரம்பைத் துணைவர் அறிந்திருக்க வேண்டும். கடன் வாங்கி ஆடலாகாது. வென்ற பணத்தை அடுத்த குலுக்கலுக்கு முதலாக்கலாகாது. துயரிலோ குடிபோதையிலோ ஆடலாகாது.

வேகமும் கருதத்தக்கது. வாரம் மூன்று நாள் குலுக்கலில் இடைவெளி உண்டு. சினந்தணிந்து சிந்திக்க அது வாய்ப்பளிக்கும். கைப்பேசி வழி நடைபெறும் சட்டவிரோதச் சூதாட்டத்தில் அவ்விடைவெளியே இல்லை. ஆதலின் அதனை நம்பர் எடுத்தலின் இன்னொரு வடிவமாக எண்ணுவது பெரும் ஆபத்து.

மேற்கூறிய வரையறைகள் நோயுறாதவர்க்கே பொருந்தும். வரம்பை வகுத்தும் மீண்டும் மீண்டும் மீறுபவருக்கு ‘அளவோடு ஆடு’ என்னும் அறிவுரை பயன்தராது. அவருக்கு வேண்டியது முழு நிறுத்தமும் சிகிச்சையுமே.

குடும்பமும் பள்ளியும் செய்யக்கூடியவை

ஐயம் எழுமிடத்து இரண்டு வினாக்கள் போதும் என்பது 1997ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ள ஒரு முறை. கட்டும் தொகையை மேன்மேலும் உயர்த்த வேண்டும் என்று தோன்றியதுண்டா? எவ்வளவு ஆடினீர்கள் என்பதைப் பற்றி வேண்டியவரிடம் பொய் கூற நேர்ந்ததுண்டா? ஒன்றுக்கேனும் ‘ஆம்’ எனின், மருத்துவரையோ உளவள ஆலோசகரையோ நாடுதல் நன்று.

கடனைக் குடும்பத்தார் மறைவாக அடைத்துவிடுவது அன்பின் செயலே. ஆயினும் அது அடுத்த கடனுக்கு வழிதிறப்பதாக முடியலாம். கடன் அடைப்பும் சிகிச்சையும் ஒருங்கே நடைபெற வேண்டும். வங்கிக் கடனைச் சீரமைக்க, பேங்க் நெகாரா 2006இல் நிறுவிய ஏகேபிகே அமைப்பு உதவுகிறது. உரிமம் பெற்ற வட்டிக்கடைகள் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டிற்கு மேல் வட்டி பெறச் சட்டம் இடந்தராது. வட்டி முதலைகளுக்கு அத்தகைய எல்லை இல்லை. அவர்தம் மிரட்டலுக்கு ஆளானவர் காவல்துறையில் புகார் செய்தல் வேண்டும். கடன் முற்றிய நிலையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் எழக்கூடும். அத்தகையோரைத் தனியே விடாது அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பையும் நாடலாம்.

தமிழாசிரியர் ஆற்றக்கூடிய பணி ஒன்றும் உண்டு. சூது அதிகாரத்தைப் பயிற்றும்போது பகடையோடும் பாரதத்தோடும் நின்றுவிடாமல், மேற்காட்டிய 10,000 எண்களின் கணக்கை மாணவரைக்கொண்டே செய்விக்கலாம். 64 சென் என்னும் விடையை மாணவர் தாமே கண்டறிவாராயின், அது வீட்டுக்கும் சென்று சேரும். சம்பள நாளை அடுத்தும் பயிற்சிநூல் வாங்கப் பணமின்றி வரும் மாணவர், வீட்டுத் தொலைபேசி ஒலித்தால் அஞ்சும் மாணவர் ஆகியோரிடம் பரிவோடு பேசுவதும் தேவை. இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும். ஆதலின் முன்முடிவு கூடாது.

முடிவுரை

நம்பர் எடுத்தலைச் சூது என்று பெயரிட்டுப் பேசத் தொடங்குவதே இனங்காணலின் முதற்படி. இழந்த தொகை எவ்வளவு என்று கேட்பதைவிட, மறைக்கிறாரா, துரத்துகிறாரா, நிறுத்த இயலாது தவிக்கிறாரா என்று கேட்பதே முறை. இவ்வினாக்களை முற்பட எழுப்பினால், கடன் வீட்டு வாசலில் வந்து நிற்பதற்கு முன்னரே ஒரு குடும்பத்தைக் காக்க இயலும். நாம் பல்லாண்டாக வகுப்பறையில் பயிற்றிவரும் அதிகாரம் ஒன்று அதற்குத் துணைநிற்கிறது. அதனை நம் வீதியின் நம்பர் கடையோடு இணைத்துக் காட்டுவது தமிழ் பயிற்றுவோரின் கடமையாகும்.