நிறம் லேசு, துவர்ப்பு பலம்

இத்தாலியின் வடமேற்கில், பியமோன்டே மாநிலத்தின் லாங்கே குன்றுகளில் தயாராகிறது பரோலோ என்ற சிவப்பு ஒயின். இதில் நெபியோலோ என்ற ஒரே ரகத் திராட்சைக்குத்தான் இடம். வேறு எதுவும் கலக்கக் கூடாது.

கோப்பையில் ஊற்றினால் ஏமாற்றமாக இருக்கும். அடர்சிவப்பு இல்லை, வெளிறிய மாதுளை நிறம். வயது ஏற ஏற விளிம்பில் செங்கல் நிறம் தட்டும். முகர்ந்தால் ரோஜாவும் தாரும் கலந்த வாசனை! விநோத ஜோடிதான். வாயில் வைத்தாலோ, பாக்கு மென்றதுபோல் ஈறெல்லாம் இறுகும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் செய்யும் வேலை அது. அந்தத் துவர்ப்பு அடங்கத்தான், சந்தைக்கு வருமுன் குறைந்தது 38 மாதங்கள் பதப்படுத்த வேண்டும், அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் என்று சட்டமே இருக்கிறது. ‘ரிசர்வா’ என்ற வகையானால் 62 மாதங்கள்.

டானின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் இறைச்சியோடு சேரும்போது நாக்கை விட்டுவிடுகிறது. அந்த ஊர்க்காரர்கள் மாட்டிறைச்சியை இதே ஒயினில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். முட்டை மஞ்சள்கரு தாராளமாகச் சேர்த்துப் பிசைந்த ‘தாயரின்’ என்ற மெல்லிய பாஸ்தாவும் பொருந்தும். அதன்மேல் வெண்ணெய், இலையுதிர்காலமானால் ஆல்பா நகரத்து வெள்ளை ட்ரஃபிள் காளான் சீவல். முற்றிய பாலாடைக்கட்டியும் ஜோர்.

மீனுக்கும் மிளகாய்க் காரத்துக்கும் மட்டும் பரோலோ சரிப்பட்டு வராது.