கைத்தொலைபேசியும் சமாதானத் தூதும்

போரைத் தவிர்க்கத் தூது செல்லும் மரபு தமிழருக்குப் புதியதன்று. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றதைப் புறநானூறு கூறும். வள்ளுவர் தூதுக்கெனத் தனியதிகாரமே வகுத்து, தூதுரைப்பவனிடம் அன்பையும் அறிவையும் வேண்டினார். இவ்விரண்டுமற்ற தூது யாது விளைவிக்கும் என்பதைக் கென்ய நாட்டின் அண்மைக்கால வரலாறு காட்டுகின்றது.

2007 டிசம்பர் 27இல் நடந்த சனாதிபதித் தேர்தலின் முடிவு குறித்து எழுந்த பிணக்கு அந்நாட்டில் இனக்கலவரமாக மூண்டது. 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர், இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். அயலானைப் பகைவனாக்கும் குறுஞ்செய்திகள் கைத்தொலைபேசிகளிற் பரவின. அச்சேவையையே நிறுத்திவிட அரசு எண்ணியது. சபாரிக்கொம் நிறுவனத் தலைவர் மைக்கேல் ஜோசப்போ, அதே வழியால் அமைதிச் செய்திகளை அனுப்பலாமென எடுத்துரைத்தார். அவ்வாறே அனுப்பப்பட்டன. நஞ்சு சென்ற வழியே மருந்தும் சென்றது எனலாம்.

2010 ஆகஸ்ட் 4இல் புதிய அரசியலமைப்புக்கான மக்கள் வாக்கெடுப்பு நடைபெற்றபோது, ‘உவியானோ’ என்னும் சமாதானக் கூட்டமைப்பு இயங்கியது. பூசலின் அறிகுறியைக் கண்டவர் எவரும் 108 என்ற இலக்கத்துக்கு இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம். அதன் மெய்மை ஆராயப்பட்டபின், உள்ளூர்ச் சமாதானக் குழுக்களுக்கும் பொலிசாருக்கும் அறிவிக்கப்படும். வாக்கெடுப்பு அமைதியாக நிறைவேறியது.

இதனைக் கருவியின் வெற்றியென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அக்குழுக்களின் முன்மாதிரி, கைத்தொலைபேசி அங்கு பரவுமுன்னரே, 1990களின் தொடக்கத்தில் வஜீர் மாவட்டத்தில் உருவாயிற்று. குலப்பகையாற் பிளவுண்ட அவ்வூரில், டெக்கா இப்ராகிம் அப்தி முதலிய பெண்கள் சந்தையிலிருந்தே தம் முயற்சியைத் தொடங்கி, பின்னர் முதியோரையும் இளைஞரையும் இணைத்தனர். எச்சரிக்கை கிடைத்தவுடன் எழுந்து சென்று பேசுதற்கு இத்தகையோர் இல்லையெனில், செய்தி வெறும் ஒலியாகவே முடியும்.

மற்றொன்றும் சிந்தித்தற்குரியது. 2013ஆம் ஆண்டுத் தேர்தல் பெரும்பாலும் அமைதியாக நடந்தது. எனினும், ‘அமைதி, அமைதி’ என்ற முழக்கம் நியாயமான வினாக்களையும் அடக்கிவிட்டது என அந்நாட்டு அறிஞர் சிலர் குறைகூறினர். 2017இல் தேர்தலையொட்டி மீண்டும் உயிர்கள் பலியாயின. வாய்மூடப்பட்டவனின் மௌனம் சமாதானமாகாது. குறைகளைக் கேட்கும் செவியும், நீதி வழங்கும் நெஞ்சும் மறுமுனையில் இருந்தாலன்றி, எத்துணை விரைந்து சென்றாலும் தூது பயன்தராது.