அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் தீவக இளைஞர்கள்

இளைஞர்கள் கைபேசியே கதியென்று கிடக்கிறார்கள், போதைப்பொருள் ஊருக்குள் வந்துவிட்டது என்று ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கவலைப்படுகிறோம். நியாயமான கவலைதான். ஆனால் அஸர் தொழுகை முடிந்து மஃரிப் வரையிலான இரண்டரை மணி நேரம் அவர்கள் எங்கே போவது என்பதற்கு நம்மிடம் பதில் இல்லை.

யாழ்ப்பாணத் தீவகத்தில் இந்தக் கேள்வி இன்னும் கடினமானது. ஊர்காவற்றுறைப் பிள்ளை பஸ்ஸில் பண்ணைப் பாலம் கடந்து நகருக்கு வந்துவிடலாம். நயினாதீவு, நெடுந்தீவுப் பிள்ளைகள் முதலில் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டும். நெடுந்தீவிலிருந்து அதற்கே சுமார் ஒரு மணி நேரம் செல்லும். கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. துரையப்பா விளையாட்டரங்கில் மாலைப் பயிற்சிக்கு நின்றால் அன்று வீடு திரும்ப முடியாது. ஆகவே விளையாட்டு அவர்களது ஊரிலேயே இருக்க வேண்டும்.

நாமோ விளையாட்டு என்றாலே சுற்றுப்போட்டி, கிண்ணம், பிரதம அதிதி என்று பழகிவிட்டோம். பதினொரு பேர் ஆட, மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். 5 முதல் 17 வயது வரையானவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்கு இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது கைதட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

நம் மண்ணின் கிளித்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் கோடு கீறினால் போதும், ஒரு சதம் செலவில்லை. ஒரு அணி கோடுகளைக் காக்க, மற்றைய அணி தட்டுகளைக் கடந்து போய்த் திரும்பி வர வேண்டும். ஒருவர் தொடப்பட்டால் முழு அணியும் ஆட்டத்தை இழக்கும். மத்தியஸ்தர் கிடையாது. கை பட்டதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் பட்டவன்தான் சொல்ல வேண்டும். தன் அணி தோற்கும் என்று தெரிந்தும் “பட்டது” என்று ஒப்புக்கொள்ளும் பிள்ளை அமானிதத்தைப் பழகுகிறது. ஆளுமை விருத்திச் செயலமர்வில் இதைக் கற்பிக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

இன்னொன்றும் உண்டு. 1990 ஒக்டோபர் வெளியேற்றத்துக்குப் பின் வடபுல முஸ்லிம்களின் ஒரு தலைமுறை பெரும்பாலும் புத்தளத்தில் வளர்ந்தது. அயலிலுள்ள தமிழ்ப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நாகபூஷணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் பள்ளிவாசலும் உள்ள நயினாதீவில் முஸ்லிம் குடும்பங்கள் சிலவே. அங்கே முஸ்லிம்களுக்கென்று தனியாக ஒரு கழகம் அமைப்பதில் அர்த்தமில்லை. ஒரே மைதானத்தில் கலந்து ஆடுவதே வழி.

மார்க்கம் இதற்குத் தடையா? நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை ஆயிஷா (ரழி) அவர்களுக்குக் காட்டினார்கள். அவர்களோடு ஓட்டப்போட்டியும் வைத்தார்கள். முதல் தடவை வென்றவர் ஆயிஷா (ரழி) அவர்களே. அப்படியிருக்க, நம் பெண்பிள்ளைகளின் விளையாட்டு பூப்பெய்தும் வயதோடு ஏன் நின்றுவிடுகிறது? பாடசாலை வளவில், ஆசிரியை ஒருவரின் மேற்பார்வையில், வாரத்துக்கு இரண்டு மாலைகளை அவர்களுக்கென்று ஒதுக்க அதிபரோடு பேசவேண்டியது பள்ளிவாசல் நிர்வாகமும் பெற்றோரும்தான். மஃரிபுக்கு அரைமணி முன்னர் ஆட்டத்தை முடித்தால் தொழுகைக்கும் இடைஞ்சல் இராது.