5 வாய்க்கு ஒரே சுரைக்காய்! 70 ரூபாயில் இரவுச் சாப்பாடு

வியாசர்பாடியில் ஒரு வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. வீட்டில் 5 பேர். 5 பேருக்கும் 5 நாக்கு!

மாமியாருக்குப் பல் இல்லை. சர்க்கரை வியாதி வேறு. கணவருக்குக் காய் குழைந்தால் ஆகாது. 10-வது படிக்கும் மகள், கத்தரிக்காயைக் கண்டால் "வாய் அரிக்குது" என்பாள். 3-வது படிக்கும் மகன், பச்சையாக எது தெரிந்தாலும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவான். கறிவேப்பிலை கூடத் தப்பாது.

ஐந்தாவது ஆள் சமைப்பவர். அவருக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை.

கேட்க வேண்டிய நிலை சென்ற ஆண்டு வந்தது.

மயங்கி விழுந்தார்

ஒரு நாள் காலை. தெருவில் "ஐயோ" என்று கூச்சல். சங்கிலிப் பறிப்பு என்று நினைத்து நான் ஓடினேன். என் பிழைப்பு அப்படி!

அடி பம்பு அருகே குடம் உருண்டு கிடந்தது. பக்கத்தில் அந்த அக்கா. எங்கள் தெருதான், 6 வீடு தள்ளி. ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும்.

நர்ஸ் அம்மா கேட்டார்: "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?"

"ரசம் சோறு."

"காய் ஒண்ணும் செய்யலையா?"

"நாலு வகை செஞ்சேன். தீர்ந்துடுச்சு."

நர்ஸ் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். முருங்கைக்கீரை, காய்கறி, பருப்பு தினமும் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டதும் டீ குடிக்கக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாதாம். எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் ஒட்டுமாம்.

தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதைச் சொல்கிறது. இந்தச் செய்தியை ரெயிலில் நின்றுகொண்டு படிப்பவர்கள், வீட்டில் இரவு கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

கடன்

கணவர் சவுகார்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. 2020-ல் ஊரடங்கு வந்தபோது சில மாதம் பாதிச் சம்பளம். சில மாதம் அதுவும் இல்லை. அப்போது வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி போகிறது.

வாடகை, வட்டி, ஸ்கூல் செலவு, மாமியாரின் மாத்திரை. எல்லாம் போக, ஒரு நாள் காய்கறிக்கு ஒதுக்க முடிந்தது 70 ரூபாய். அதற்குள் நாலு பேருக்கு நாலு வகை செய்தால் சமைப்பவருக்கு என்ன மிஞ்சும்? ரசத்தின் அடி மண்டிதான்!

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கே முடிவு பண்ணேன் தம்பி. தனித்தனியா சமைக்க மாட்டேன். காய் ஒண்ணு, நறுக்கறது ஒரு தடவை, அடுப்பு ஒரு தடவை. கடைசி அஞ்சு நிமிஷம் மட்டும் வேற வேற" என்றார் அக்கா. "பேரு மட்டும் போட்டுடாதே. அத்தை பேப்பர் படிப்பாங்க."

அதனால் பெயர் இல்லை.

கோயம்பேடு

வாரம் ஒரு நாள் அவர் கோயம்பேடு போகிறார். பஸ்ஸுக்குக் காசு இல்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது.

கோயம்பேட்டுக்கு லாரிகள் இரவில் வந்து இறங்கும். விடிவதற்குள் பெரிய வியாபாரம் நடக்கும். அந்த நேரத்தில் அக்காவுக்கு அங்கே வேலை இல்லை. வெயில் ஏறிய பிறகு, மிஞ்சியதைக் கூறு கட்டித் தள்ளுகிற நேரத்துக்குத்தான் போவார். எதையும் விலை கேட்காமல் முதலில் ஒரு சுற்று சுற்றுவார். அன்று எது குவிந்து கிடக்கிறதோ அதுதான் அந்த வாரத்துக் காய்!

"இன்னிக்கு அவியல் செய்யணும்னு நெனச்சுட்டுப் போனா காசு போயிடும். அங்க போய்ப் பாத்துட்டுத்தான் என்ன செய்யறதுன்னே நெனைக்கணும்" என்பது அவர் பேச்சு.

பரங்கி, சௌசௌ, முட்டைக்கோஸ், வாழைக்காய், சேனை. இவை நாலு நாள் தாங்கும். முழுப் பரங்கி வேண்டாம், பத்தையாக வாங்கினால் போதும். கீரையைக் கோயம்பேட்டில் வாங்குவதில்லை. வீடு வருவதற்குள் வாடிவிடும். தெருவில் கூடையோடு வரும் அம்மாவிடம் காலையில் வாங்குகிறார்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடையில் வைத்து 60 ரூபாய்க்கு விற்றார்கள். அந்த மாதம் முழுதும் அக்கா வீட்டுக் குழம்பில் தக்காளி கிடையாது. புளியை ஒரு கொட்டை கூடப் போட்டார். வீட்டில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லையாம்!

ஒரு காய், 4 வேடம்

சென்ற வியாழக்கிழமை மாலை 6 மணி. நான் அந்த வீட்டுச் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்தேன். அன்று சுரைக்காய். விலை 30 ரூபாய். முருங்கைக்கீரை ஒரு கட்டு 15. வெங்காயமும் தக்காளியும் 25. ஆக 70. அரிசி, பருப்பு, தேங்காய் எல்லாம் மாத மளிகைக் கணக்கு.

சுரைக்காயின் நுனியில் ஒரு சீவல் சீவி, வாயில் போட்டுப் பார்த்துத் துப்பினார்.

"எதுக்கு அக்கா?"

"கசக்குதான்னு பாக்கணும். கசந்தா தூக்கிப் போட்டுடணும். அது விஷம்."

உண்மைதான். கசக்கும் சுரைக்காய்ச் சாறு குடித்து உயிர் போனவர்கள் இந்தியாவில் உண்டு. காசு போகிறதே என்று புளி ஊற்றிச் சமாளிக்க நினைக்க வேண்டாம்.

இது கசக்கவில்லை. மெல்லிசாகத் தோல் சீவினார். தோலை எறியவில்லை, ஒரு கிண்ணத்தில் போட்டார்.

காயின் கழுத்துப் பகுதியில் விதை இருக்காது. அதைக் கனமான துண்டாக நறுக்கினார். நடுப்பகுதியைச் சின்னத் துண்டாக நறுக்கினார். அடிப்பகுதியில் முற்றிய விதையை எடுத்துவிட்டுத் துருவினார். ஒரே அருவாமணை, ஒரே உட்காரல். 10 நிமிடம்.

நடுத்துண்டு பாசிப்பருப்போடு குக்கருக்குள் போனது. அதன் மேல் தட்டில் அரிசி. ஒரே காஸில் இரண்டும் வெந்தது. பருப்பில் தேங்காய், சீரகம் அரைத்துவிட்டால் கூட்டு. காரம் இல்லை. மாமியாருக்கு மசித்துத் தரலாம்.

கழுத்துத் துண்டு கணவருக்கு. குழைந்தால் ஆகாத ஆள் அல்லவா? இரும்பு தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய், மிளகாய்த்தூள், மேலே ஒரு கைப்பிடி கடலைமாவு. மூடி போடவில்லை. முறுமுறு என்று வறுவல் வந்தது. உப்பைக் கடைசியில்தான் போட்டார். முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுக் கொழகொழத்துவிடுமாம்.

துருவலும் முருங்கைக்கீரையும் அடை மாவில் விழுந்தன. பிள்ளைகளுக்கு ராத்திரியில் சோறு இறங்காது. டிபன்தான் வேண்டும். தோசைக்குத் தொட்டுக்கொள்ளச் சட்னி என்றால் அந்த வேளைக்குக் காயே கிடையாது. நம்மில் முக்கால்வாசி வீட்டில் இதுதான் நடக்கிறது. சாப்பாட்டுத் தட்டில் பாதி, காய்கறியும் பழமுமாக இருக்க வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொன்னது. தோசைத் தட்டில் பாதி எங்கே இருக்கிறது?

தோல் என்ன ஆனது? உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளியோடு வதக்கி அரைத்துத் துவையல் ஆனது. அடைக்குத் தொட்டுக்கொள்ள! பீர்க்கங்காய்த் தோல், சௌசௌ தோல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

ரத்த இட்லி!

எல்லாம் இப்படிச் சுலபமாக நடந்துவிடவில்லை.

ஆரம்பத்தில் ஒரு நாள் இட்லி மாவில் பீட்ரூட் அரைத்துக் கலந்திருக்கிறார். மூடியைத் திறந்ததும் மகன் அலறினான்: "அம்மா, இட்லியில ரத்தம்!" 12 இட்லி. ஒன்றைக்கூட அவன் தொடவில்லை. கணவரும் ஏதோ சாக்குச் சொல்லி எழுந்துவிட்டார்.

இன்னொரு நாள் பாகற்காயைப் பொடியாக நறுக்கிச் சாம்பாரில் ஒளித்துவைத்தார். முதல் வாயிலேயே அகப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வாரம், எதைப் போட்டாலும் "இதுல என்ன ஒளிச்சு வச்சிருக்கே?" என்று மகன் விசாரணை!

"ஒளிச்சா மாட்டிக்குவோம் தம்பி. உங்க போலீஸ் நியூஸ் மாதிரிதான். இப்ப எது போட்டாலும் சொல்லிட்டுத்தான் போடறேன்."

பாகற்காயை இப்போது மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறி, அரை மணி கழித்துப் பிழிந்து, நிறைய வெங்காயமும் துளி வெல்லமும் சேர்த்துத் தொக்கு ஆக்குகிறார். பெரியவர்களுக்கு மட்டும். மகனை அந்த விஷயத்தில் விட்டுவிட்டார்.

வெண்டைக்காயைக் கழுவித் துணியால் துடைத்துவிட்டு நறுக்குவார். ஒரு ஸ்பூன் தயிர் விட்டு வதக்கினால் வழவழப்பு போய்விடும். முட்டைக்கோஸ் நாற்றம் அடிப்பது அதிகம் வேகவைப்பதால். மூடாமல் சில நிமிடம் வதக்கி இறக்கிவிட்டால் நாற்றம் இல்லை. முள்ளங்கியை எண்ணெயில் வதக்கிவிட்டுச் சாம்பாரில் போட வேண்டும்.

நான் குற்றச் செய்தி எழுதுகிறவன். எனக்குத் தெரிந்த வரை, இந்த வீட்டில் காய் மேல் யாருக்கும் பகை இல்லை. கொழகொழப்பு, நாற்றம், கசப்பு, நார். இந்த நாலு பேர்தான் குற்றவாளிகள். காய் பாவம், நடுவில் மாட்டிக்கொள்கிறது!

மகன் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அவன் படிப்பது மாநகராட்சிப் பள்ளி. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுதும் விரிந்த காலை உணவுத் திட்டம் அங்கே உண்டு. உப்புமா, கிச்சடிக்குக் காய்கறிச் சாம்பார். அங்கே அவன் ஓரத்தில் எதையும் ஒதுக்குவதில்லையாம்!

"ஏண்டா?" என்று கேட்டேன்.

"எல்லாப் பசங்களும் சாப்பிடுறாங்க மாமா."

அது அக்காவுக்குத் தெரிந்த பிறகு வீட்டில் ஒரு மாற்றம். முன்பு ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில், டி.வி. முன்னால் சாப்பிட்டார்கள். இப்போது இரவு 8 மணிக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். அக்கா மட்டும் உட்காருவதில்லை. சூடாக அடை வார்க்க வேண்டுமே!

முதல் கரண்டி

ஆனால் ஒன்று செய்கிறார். சமைத்து முடித்ததும், யாருக்கும் பரிமாறுவதற்கு முன்னால், எல்லாவற்றிலும் முதல் கரண்டி எடுத்து ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி அலமாரியில் வைத்துவிடுகிறார். அது அவருடையது.

இதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை வந்தது.

"சமைக்கிறவ முதல்ல எடுத்து வச்சுக்கறதா? எங்க காலத்துல உண்டா?" என்று மாமியார் கேட்டார். 4 நாள் மருமகளோடு பேச்சு இல்லை. அக்கா டப்பாவை எடுக்கவில்லை. கணவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து, 8 என்று போட்டிருந்த இடத்தை அம்மாவிடம் காட்டினாராம். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை இரவு 8 மணிக்குப் பந்தி ஆரம்பித்தது. எனக்கும் ஒரு தட்டு. மகன் அடையைப் பிய்த்து, பச்சையாகத் தெரிந்த முருங்கை இலையை உற்றுப் பார்த்தான். அக்கா சரசரவென்று 3 அடை வாசித்த பிறகு... இல்லை, வார்த்த பிறகு பார்த்தேன். (அடை மொறுமொறுப்பில் கை தடுமாறுகிறது!) இலை ஒன்றுகூட ஓரத்தில் இல்லை. மகள் துவையல் இரண்டாவது தடவை கேட்டாள். நான் மூன்றாவது அடை கேட்கலாமா என்று யோசித்துக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

கணவருக்கு வறுவல் தீர்ந்துவிட்டது. எழுந்து அலமாரிப் பக்கம் கையை நீட்டினார்.

"அதைத் தொடாதே. அது அவளுது" என்றார் மாமியார், கூட்டு சோற்றைப் பிசைந்தபடியே.

அக்கா சாப்பிட உட்கார்ந்தபோது மணி 9-10. டப்பாவைத் திறந்து, கூட்டின் மேல் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டார். போன மாதம் ரத்தம் பார்த்ததில் 10.8 இருந்ததாம்.

"நாளைக்கு என்ன அக்கா?"

"பரங்கி ஒரு பத்தை இருக்கு. அத்தைக்கு ஆகாது, இனிக்கும். அவங்களுக்கு மட்டும் என்ன பண்றதுன்னு தெரியல. காலையில கீரைக்காரம்மா வரட்டும், பாக்கலாம்."